பாதி இறக்கிய ஷட்டருக்குள் ஒரு மெத்தை

மூட்டு டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர்கள் யாரும் என்னிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. "எதுல படுக்கறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வேறு வலிக்கிறது, இருக்கிற வலி போதாதென்று. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். விரல்கள் இப்போது பேனா பிடிக்கின்றன. ஒரு பக்கம் முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு கேட்கின்றன, அவ்வளவுதான்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது ஐம்பத்தொன்று. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு அஸ்தினாபுரத்தில், முதல் மாடி. என் கணவர் சாமுவேல் கிண்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவர். ஒரே மகள் ப்ரீத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

முதலில் சாக்பீஸ்தான் நழுவியது. வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து விழுந்து உடைந்தது. அடுத்த வாரம் இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடி திறக்க வரவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போனபின் மெதுவாக இளகும். சிக்குன்குனியாவாக இருக்கும் என்றார்கள். நம் பக்கத்தில் மூட்டு வீங்கினால் எல்லாரும் உடனே சொல்லும் பெயர் அதுதான். மூன்று மாதம் நானும் அதையே நம்பி, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தினேன். படித்தவள் செய்கிற வேலையா அது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு மூட்டு நிபுணரிடம் போனோம். டாக்டர் நித்யாவுக்கு என் மகளைவிட ஐந்தாறு வயது அதிகம் இருக்கும். இரத்தத்தில் நாலைந்து பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவுகள் வந்ததும் ஒரு தாளில் மூட்டுப் படம் போட்டு விளக்கினார். உடம்பில் கிருமிகளை அடிப்பதற்கென்று ஒரு காவல் படை இருக்கிறது. அது ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே அடிக்க ஆரம்பித்தால் அதுதான் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். வயதானால் எலும்பு தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. தமிழில் இதை முடக்குவாதம் என்பார்கள் என்று அவர் சொன்னதும் நான் என் விரல்களை மடக்கிப் பார்த்தேன்.

"பேரைக் கேட்டு பயப்படாதீங்க மேடம். சீக்கிரமே வந்துட்டீங்க. மருந்து இருக்கு, நேரம் எடுக்கும்" என்றார் டாக்டர்.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை ஒன்றை எழுதினார். தினமும் போட்டால் ஆபத்து என்று அதை மூன்று முறை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர், என் கணவர்தான், காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். ஞாயிறு ஏற்கெனவே சிவப்பில்தான் அச்சாகியிருக்கிறது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. படுக்கை விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. "கட்டாந்தரையில பாய் விரிச்சுப் படுங்க மிஸ், எலும்பெல்லாம் நேரா நிக்கும்" என்றார் மாடம்பாக்கத்திலிருந்து வரும் தமிழ் டீச்சர். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அங்கேயும் அதேதான். நானும் ஒன்றரை மாதம் தரையில் படுத்தேன். ஒருக்களித்துப் படுத்தால் வீங்கிய தோள்பட்டையும் இடுப்பும் மொத்தக் கனத்தையும் தாங்கின. காலையில் எழுவது அதைவிடப் பெரிய பாடு. இவர் என் அக்குளுக்குள் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார். நிறுத்திவிட்டு, நான் விழமாட்டேன் என்று தெரியும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார்.

சரிதான் போ என்று மறுபடி கட்டிலுக்கே வந்தேன். அதில் பதினாறு வருடப் பழைய தென்னைநார் மெத்தை. நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இருவரும் அந்தப் பள்ளத்தில்தான் கிடப்போம். வலி வருவதற்கு முன்னால் அதில் எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

ஒரு நாள் இரவு இவர் தூக்கத்தில் புரண்டபோது அவர் முழங்கை என் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது. நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டு விளக்கு எரிந்தது. மறுநாள் இவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். "ஹால்ல காத்து நல்லா வருது" என்றார். எங்கள் ஹால் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதில் காற்று எங்கிருந்து வரும்? என் முனகலில் இவருக்குத் தூக்கம் கெடுகிறது, காலையில் ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். "சரி" என்று மட்டும் சொன்னேன். அப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டை உண்டு, இரண்டு அறைகளில் படுத்தோம். நோயைவிட அது என்னை அதிகம் அரித்தது என்று இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கி, காய்ச்சலும் வந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார். இந்த நோயே மூட்டை வீங்க வைக்கும். ஆனால் நான் சாப்பிடும் மருந்து காவல் படையை அடக்கி வைக்கிற மருந்து என்பதால், அந்தச் சாக்கில் கிருமி ஏதாவது மூட்டுக்குள் புகுந்திருக்கலாம். அப்படிப் புகுந்து சீழ் வைத்திருந்தால் முழங்காலைத் திறந்து கழுவ வேண்டும். இதை அவர் நிதானமாகத்தான் சொன்னார். திறந்து என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அன்று மாலையே ஊசி போட்டு மூட்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மரத்துப்போக முதலில் ஒரு சிறு ஊசி, பிறகு பெரிய ஊசி. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். கலங்கிய மஞ்சள் நீர் ஒரு சிரிஞ்சு நிறைய வந்தது. அதைப் பரிசோதனைச்சாலையில் ஒரு தட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு மூன்று நாளாகும். கல்ச்சர் என்பது அதைத்தான். அதுவரைக்கும் கையில் டிரிப்ஸ், ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஆன்டிபயாட்டிக். தினமும் காலையில் ஜூனியர் டாக்டர் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒண்ணும் வளரல மேடம்" என்பார். எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அங்கே அதைவிட நல்ல செய்தி கிடையாது.

ப்ரீத்தி இரவு பஸ் ஏறி வந்து இரண்டு நாள் இருந்தாள். வந்ததும் என் நகங்களை வெட்டிவிட்டாள், தலை வாரிப் பின்னினாள். கைப்பிடி தடித்த ஸ்பூன் ஒன்று வாங்கிவந்து, "இதுல நீயே சாப்பிடலாம்மா" என்று கொடுத்தாள். சின்ன வயதில் அவளுக்கு நான் ஊட்டிய ரசம் சாதத்தை நானே அந்த ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டபோது அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

வலியை அங்கே எண்ணில் கேட்பார்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாததென்றால் பத்து. கணக்கு டீச்சருக்குப் பிடிக்கத்தானே செய்யும். இரண்டாம் நாள் சாயங்காலம் இவர் ஃபிளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டே, "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவாயில்லங்க" என்றேன். இரண்டு நிமிடத்தில் சிஸ்டர் வந்தார். "பத்துக்கு எவ்ளோம்மா?" என்றார். "எட்டு" என்றேன். இவர் ஊற்றிக்கொண்டிருந்த கஞ்சி டம்ளரைத் தாண்டி மேஜையில் வழிந்தது. துணி எடுத்துத் துடைத்தார்.

துணைக்கு இருப்பவர்களுக்கென்று அறையில் ஒரு ரெக்ஸின் பெஞ்சு இருந்தது. இவர் உயரத்துக்கு அது போதாது, கணுக்கால் இரண்டும் வெளியே தொங்கும். ஆனால் அது என் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தது. கையை நீட்டினால் இவர் தோளைத் தொடலாம். ஐந்து மாதத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே அறையில் படுத்தது ஆஸ்பத்திரியில்தான். மூன்றாம் நாள் காலையில் தரை துடைக்க வந்த கஸ்தூரி அக்கா என்னிடம் குனிந்து சொன்னார்:

"இன்னாமா உன் வூட்டுக்காரரு, தூங்கவே மாட்டாரா? நான் எப்போ வந்து பாத்தாலும் உன்னையே பாத்துகினு குந்திகினு கீறாரு. கண்ணெல்லாம் செவந்து போச்சு, பாவம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கத்தில் படுக்கப் பிடிக்காதவர் எதற்காக இப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

நானோ அங்கே நன்றாகத் தூங்கினேன். டிரிப்ஸ், காய்ச்சல், வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன், தலைக்கு மேல் இறங்குகிற விமானம், எல்லாவற்றையும் மீறி மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்தது. படுக்கைதான் காரணம் என்று தெரிந்தது. மெத்தை கட்டியாகவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் பதிந்தது. பிடித்து எழக் கம்பி இருந்தது. ஆசையோடு, "இது என்ன மெத்தை சிஸ்டர்?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி மெத்தைய விசாரிக்கற முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் கல்ச்சர் முடிவு வந்தது. கிருமி இல்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாளே வீக்கம் பாதியாகிவிட்டது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். காப்பீட்டு ஒப்புதல் வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. பில்லைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. பார்த்ததும் காய்ச்சல் திரும்புவதுபோல் இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அன்று காலை ரவுண்டில் டாக்டர் நித்யா, வீட்டில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். தரைக் கதையைச் சொன்னேன்.

"தரையிலயா? யார் சொன்னது?"

"எல்லாரும் சொன்னாங்க டாக்டர்."

"எல்லாரும் எம்.டி. படிச்சவங்களா?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். கல் மாதிரி படுக்கை வேண்டாம். அமிழ்ந்துபோகிற படுக்கையும் வேண்டாம், அதிலிருந்து எழ முடியாது. ஒருக்களித்தால் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும், இடை அந்தரத்தில் தொங்கக் கூடாது. ஓரம் உறுதியாக இருக்க வேண்டும், உட்கார்ந்து எழ அதுதான் உதவும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் முழங்கால் மட்டத்துக்கு வர வேண்டும். மெத்தை வியாதியைக் குணப்படுத்தாது, அதற்கு மருந்துதான் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்தானே?" என்றார் கடைசியாக.

இவர் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். "ஆமா டாக்டர்" என்று நான் கூசாமல் பொய் சொன்னேன்.

"அப்போ ரெண்டு பேரும் சேந்து கடையில படுத்துப் பாத்துட்டு வாங்குங்க. ஒருத்தர் புரண்டா மத்தவங்களுக்கு ஆட்டம் தெரியக் கூடாது. அது முக்கியம்."

வீட்டுக்கு வந்த மறுநாளே இவர் இஞ்சு டேப்பை எடுத்து, நாற்காலியில் என்னை நேராக உட்காரச் சொல்லி, முழங்கால் உயரத்தை அளந்தார். பத்தொன்பது அங்குலம். கட்டில் பதின்மூன்று. மெத்தை ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்று ஒரு படமே போட்டுவிட்டார். கட்டில், மெத்தை, அதன் ஓரத்திலிருந்து தரையில் பதிகிற என் கால்கள், எல்லாம் அளவு குறித்து. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. படத்தில் ஓர் ஆள்தான் இருந்தாள் என்பதையும் கவனித்தேன்.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒவ்வொரு மெத்தையின் மேலும் ஆர்த்தோ என்று எழுதியிருந்தது. எல்லாம் பலகை. இவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அமுக்கிப் பார்க்கக்கூட மணிக்கட்டு இடம் தரவில்லை. நாலு பேர் பார்க்கக் கடையில் படுப்பதாவது என்று இருவருக்கும் கூச்சம். எதையும் வாங்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் லீவு போட்டார். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டைப் பார்த்த ஒரு சின்னக் கடை. கடைக்காரர் ஷாகுல் பாய்க்கு அறுபதுக்குப் பக்கமாக இருக்கும். என் நடையைப் பார்த்ததுமே நாற்காலி எடுத்துப் போட்டார். இவர் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார்.

"கையால அமுக்கினா கைக்குத்தான் தெரியும் சார். முதுகுக்கு எப்படித் தெரியும்? மேடம், செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க. என் வீட்டம்மாவுக்கும் முட்டி வலிதான். எனக்குத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு வேண்டுமென்றே கல்லாப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தேன். முதல் மெத்தை கட்டி. இரண்டாவதில் இடுப்பு போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவதில் ஒருக்களித்ததும் என்னையறியாமல் பெருமூச்சு வந்தது. உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கிறதாம், ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இருப்பது அமுங்காது. மேலே ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் ஒரு அடுக்கு. உயரம் ஆறு அங்குலம்.

"சார், நீங்களும் அந்தப் பக்கம் படுங்க. புரண்டு பாருங்க" என்றார் பாய்.

"எனக்கென்னங்க, நான் எங்க வேணாலும் படுப்பேன். அவங்களுக்குச் சரின்னா போதும்" என்றார் இவர். ரோட்டில் பஸ்கள் நின்று நின்று போகின்றன. இவரோ சர்ச் கமிட்டியில் இருக்கிற மனிதர், தெரிந்தவர் யாராவது பார்த்தால் என்ன ஆவது? ஆனால் எனக்கு அது கூச்சமாகத் தெரியவில்லை. என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டதாகத் தோன்றியது.

பாய் எங்கள் இருவரையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், நான் ஜும்மா தொழுகைக்குப் போவணும். வெள்ளிக்கிழமை இந்நேரம் கடைய மூடிட்டுத்தான் போவேன். நீங்க இருங்க. ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் போறேன், ஃபேன் ஓடட்டும். முக்கால் மணி நேரம் யாரும் வர மாட்டாங்க."

"கடைய எங்கள நம்பி விட்டுட்டா?"

"மெத்தைய இடுப்புல சொருவிக்கினு போவ முடியுமா சார்?" என்று சொல்லி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஷட்டர் இறங்கியதும் கடை பாதி இருட்டாகிவிட்டது. கீழே திறந்திருந்த இடத்தில் ரோட்டில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. இவர் கொஞ்ச நேரம் நின்றார். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பிறகு மெத்தையின் அந்தக் கடைசி ஓரத்தில், கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலப் படுத்தார்.

"புரளுங்க" என்றேன்.

கண்ணாடிச் சாமான் மேல் படுத்தவர் மாதிரி மெதுவாகத் திரும்பினார்.

"அப்படி இல்ல. வீட்ல புரளுவீங்களே, அந்த மாதிரி."

புரண்டார். "ஆட்டம் தெரியுதா?"

"தெரியல. வலிக்கல."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட பரவாயில்லன்ன. ரெண்டு நிமிஷத்துல சிஸ்டர்கிட்ட எட்டுன்ன. நான் எதை நம்பறது ஸ்டெல்லா? அன்னிக்கு நீ கத்தினது இன்னும் எனக்குக் காதுல கேக்குது. அதுக்கு முன்னாடி எத்தனை நாள் நான் உன்மேல இடிச்சிருப்பேன்? நீ பல்லைக் கடிச்சுகிட்டு சும்மா படுத்திருந்திருப்ப. தூக்கத்துல நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியாது. பயமா இருக்கு."

"ஹால்ல காத்து வருதுன்னீங்க."

"ஹால்ல ஏது காத்து?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என் முனகல் தாங்காமத்தான் போயிட்டீங்கன்னு நினைச்சேன். என் பக்கத்துல படுக்கவே பிடிக்கலன்னு நினைச்சேன்" என்றேன். சொன்னபிறகுதான் இதை ஐந்து மாதமாக வாய்விட்டுச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "லூசா நீ?" என்றார். திருமணமான இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைச் சொன்ன மிகக் கடுமையான சொல் அது. எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

"இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. அப்பவே சொல்லு."

"சொன்னா தலையணைய எடுத்துகிட்டு ஹாலுக்குப் போயிடுவீங்க. அதுக்குத்தான் சொல்லல."

ரோட்டில் ஒரு பஸ் நின்று கிளம்பிப் போயிற்று. பிறகு இவர் மறுபடி படுத்தார், இந்த முறை கொஞ்சம் நடுவே தள்ளி.

"போக மாட்டேன்" என்றார்.

வெளியே பெரிதாகச் செருமுகிற சத்தம் கேட்டது. பாய் ஷட்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எண்ணி ஒரு நிமிடம் கழித்துத்தான் தூக்கினார். "படுத்தீங்களா சார்?" என்றார். "படுத்தோம்" என்றார் இவர், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. அந்த மெத்தையையே வாங்கினோம்.

சனிக்கிழமை மாலை மெத்தை வந்தது. "மாடிப்படி இன்னா சார் இவ்ளோ குறுகலா கீது?" என்று அலுத்துக்கொண்டே இரண்டு பேர் ஏற்றிக் கொடுத்தார்கள். அன்று இரவு இவர் தலையணையோடு வந்தார். என் நெஞ்சு படபடத்தது, புதுப்பெண்ணுக்குக்கூட அப்படி இருந்திருக்காது. ஆனால் நான் லேசாக அசைந்தாலும் மெத்தை கரகரவென்று கத்தியது. அவர் அசைந்தாலும் கத்தியது. ஒவ்வொரு சத்தத்துக்கும், "வலிக்குதா?" என்று எழுந்து உட்கார்ந்தார். வலிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னாலும் நம்பவில்லை. முதுகெல்லாம் வியர்த்து ஊற்றியது. எப்போதோ கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் ஆளும் இல்லை, தலையணையும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானே பாய்க்கு ஃபோன் போட்டேன். மெத்தை சரியில்லை, சத்தம் போடுகிறது, வேர்க்கிறது, தூங்கவே முடியவில்லை என்று பொரிந்து தள்ளினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மேடம், பிளாஸ்டிக் கவரைக் கழட்டினீங்களா?" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். "புதுசாச்சே, தூசி படியும். கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு பெட்ஷீட்டை மேலயே விரிச்சுட்டேன்" என்றார். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் எட்டு வருடமாகக் கவருக்குள்தான் இருக்கிறது. சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் பிளாஸ்டிக்கை ப்ரீத்தி போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் கிழித்துப் போட்டாள். எனக்கே அது தோன்றவில்லை என்பதால் இவரைத் திட்டவும் வழியில்லை.

"எல்லார் வீட்லயும் இதான் மேடம். மெத்தைக்கு மூச்சு விட வேணாமா?" என்று சிரித்துவிட்டு பாய் ஃபோனை வைத்தார். இவர் பென்சில் சீவும் கத்தியை எடுத்து, மெத்தையில் படாமல், ஓரமாக நேர்க்கோட்டில் கவரை அறுத்து எடுத்தார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, வாரத்து மாத்திரையையும் போட்டுக்கொண்டு நான் போய்ப் படுத்தேன். இவர் செய்தித்தாளோடு வந்து பக்கத்தில் சாய்ந்தார். நாலு வரி படித்திருப்பார், தாள் முகத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் விழித்திருந்த இரவுகளுக்கும் சேர்த்துத் தூங்குகிறவர் மாதிரி அப்படி ஒரு தூக்கம். தாளை மெதுவாக எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் அவர் என் பக்கம் புரண்டார். மெத்தையில் ஒரு அசைவும் தெரியவில்லை. ஆனால் அவர் கை வந்து நேராக என் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது.

சுரீரென்று வலித்தது. பழக்கதோஷம், பல்லைக் கடித்துவிட்டேன். இந்த மனிதர் இப்போதுதான் தூங்குகிறார், எழுந்தால் மறுபடி போய்விடுவார், கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்ன என்று மனம் கெஞ்சியது. சொல்லாவிட்டால் நாளைக்கு நான் சொல்லும் எதையும் இவர் நம்பமாட்டார் என்பதும் தெரிந்தது.

"என்னங்க, கை. வலிக்குது" என்றேன்.

"ம்... சாரிம்மா" என்று முனகிக்கொண்டே கையை எடுத்தார். நான் அவர் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை. எடுத்த கையை என் தலைக்கு மேலே, தலையணையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே குறட்டை விட ஆரம்பித்தார்.